தண்ணிமூட்டைச் செடி

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் குழந்தையும் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? நாற்றுப் பண்ணையில் நாள் முழுக்க நிற்காதீர்கள் என்று எழுதினால் சிரிப்பீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் தம்பி போன வாரம் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு கிளம்பிவிட்டார். திரும்ப இரண்டு மாதம் ஆகும்.

உருண்டைக்கு ஏழு மாதம் முடிந்தது. குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, ஏதோ நான் தள்ளிவிட்ட மாதிரி என்னை முறைக்கிறாள். ஏழு மாதத்தில் இவ்வளவு எச்சில் வடிவது சரிதானா?

ஒரு உதவி வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேடு போன மழையில் கரைந்து, குளியலறைச் சாக்கடை வழியாக உள்ளே வந்துவிட்டது. ஆறு வாளி மண் அள்ளினேன். சாலை நடுவில் நீங்கள் நடுகிறீர்களே, தரையோடு தரையாகப் படர்கிற, கொழுத்த இலை வைத்த செடி, அது மண்ணைப் பிடித்து நிறுத்துமா? தண்ணீரே கேட்காது என்பீர்களே? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னால் குடம் தூக்க முடியாது. மேட்டை ஒட்டித்தான் குழந்தையின் அறை. அதனால்தான் அவசரம். அடுத்த மழைக்கு முன்னால் மூடிவிட வேண்டும். முடியுமா?

கடையில் போய் போனில் பேசலாம்தான். ஆனால் அங்கே நான் சொல்லாத விஷயம்கூடக் கடைக்காரர் வீட்டம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 17

கேள்விக்குறிக்கு,

உன் கடிதத்தில் எத்தனை கேள்வி என்று எண்ணினேன். ஐந்து. இனி உனக்கு இதுதான் பெயர். கால் அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியேதான் நிற்கிறேன். எச்சில் வடியட்டும், பல் வருகிறது. நீ சாப்பிடுகிறாயா, அதை எழுது.

நம்ம லாரி அந்தப் பக்கம் வருகிறது. ஓட்டுநரிடம் இரண்டு சாக்குத் தண்டு கொடுத்தனுப்புகிறேன். பண்ணையில் இந்தச் செடிக்குத் தண்ணிமூட்டை என்று பெயர் வைத்திருக்கிறோம். இலையைக் கிள்ளினால் ஏன் என்று தெரியும். வந்ததும் நட்டுவிடாதே. நிழலில் மூன்று நாள் பரப்பிப் போடு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். கோரைப் புல்லை வேரோடு எடு. மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து, இரண்டு கணு உள்ளே போகிற மாதிரி, ஒரு சாண் விட்டு ஒரு சாண் நடு. எரு வேண்டாம். முதல் வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாதே. அப்புறம் தரையைத் தொடுகிற கணுவெல்லாம் தானே வேர் விட்டுக்கொண்டு போகும்.

மேடு என்றால் எங்கள் அப்பா காலத்து மேடுதானே? படுத்து உருளலாம் போலச் சாய்ந்திருக்கும். அதற்கு இந்தச் செடி போதும். அந்த வீட்டில் என் பங்கைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்த அன்றைக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று, அந்த மேட்டில் கடப்பாரை வைக்காதே என்று. தலையாட்டினான். அந்த மட்டுக்கு நல்லவன்.

குழந்தையின் அறை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வீட்டில் இரண்டே அறைதானே?

அண்ணி

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

சாக்குகள் பத்திரமாக வந்தன. உங்கள் ஓட்டுநர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "அக்கா உங்களை ஒரு சுத்து உடம்பு தேறச் சொன்னாங்க" என்று சொல்லிப் போனார். நான் ஏற்கனவே பெருத்துத்தான் இருக்கிறேன்.

சொன்னபடி மூன்று நாள் காயவைத்தேன். உருண்டையைத் துண்டால் முதுகில் கட்டிக்கொண்டு நட்டேன். எதிர் வீட்டுத் தையல்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "படிச்ச பொண்ணு, இப்படியா மண்ணுல பொரளுவ?" என்றார். ஆனால் அவர்தான் மணல் சலித்துக் கொடுத்தார். இரண்டு சாக்கும் தீர்ந்தது. மேலே வரிசையாக நட்டுவிட்டேன், அது இறங்கிப் படரட்டும் என்று.

ஒரு தப்புச் செய்துவிட்டேன். ஒரு வாரம் தண்ணீர் காட்டாதே என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் எல்லாம் சுருங்கிக்கொண்டு, நாக்கை நீட்டுகிற மாதிரி இருந்தது. ஊற்றிவிட்டேன். அப்புறம் தினமும் ஊற்றினேன். இப்போது அடித்தண்டு கறுத்து, தொட்டால் கூழாகப் பிதுங்குகிறது. பாதி போய்விட்டது. திட்டுங்கள், ஆனால் இன்னும் ஒரு சாக்கு அனுப்புவீர்களா? மழைக்குள் மூடியாக வேண்டும்.

அறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சின்ன அறைதான். காற்றோட்டமாக இருக்கிறது.

உங்கள் தம்பி மனைவி

ஏப்ரல் 19

கேள்விக்குறிக்கு,

நலம். நீயும் குழந்தையும் நலமாக இருங்கள், செடிகளை மட்டுமாவது நிம்மதியாக விடு.

அழுதால் பால் கொடுக்க அது பிள்ளையா? அதன் இலை முழுக்கத் தண்ணீர். சுருங்கினால், இருப்பதைச் செலவு செய்கிறது என்று அர்த்தம். அழுகியதை ஒன்று விடாமல் பிடுங்கித் தூரப் போடு. பக்கத்தில் இருப்பதையும் சந்தேகப்பட்டுப் பார். அதில்தான் நீ கெட்டிக்காரி ஆச்சே.

மூன்று சாக்கு வருகிறது. அதிகம்தான். எனக்கு யார் இருக்கிறார்கள், உனக்குக் கொடுக்காமல்?

அறையைப் பற்றி நான் இனிமேல் கேட்கவில்லை.

அண்ணி

ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் சௌக்கியம். உங்கள் தம்பி வந்து பத்து நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் போனார். உருண்டை அவரைப் பார்த்து முதல் நாள் அலறினாள், கடைசி நாள் அவர் போகும்போது அலறினாள். "ரெண்டுக்கும் அழுதா நான் என்னதான் பண்றது?" என்று கேட்டுக்கொண்டே போனார். உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். நீங்களே இரண்டு வரி எழுதுங்கள் என்றேன். "நீதான் எழுதறியே, செடி விஷயம் எல்லாம்" என்றார்.

செடி பிடித்துக்கொண்டது அண்ணி! கயிறு கயிறாக இறங்குகிறது. முழங்கை நீளத்துக்குப் பச்சை. காலையில் ஊதா நிறத்தில் பூ விரிகிறது, சாயங்காலம் மூடிக்கொள்கிறது. இந்த வருடத்தில் நான் செய்து உருப்பட்ட ஒரே காரியம்.

நேற்று உருண்டை ஒரு இலையைத் தின்றுவிட்டாள். தொண்டையில் விரலை விட்டு எடுப்பதற்குள் விழுங்கிவிட்டாள். நாள் முழுக்க அவள் மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகாதுதானே? விஷம் இல்லையே?

இன்னொன்று. தையல்காரம்மா கேட்கச் சொன்னார். அவர் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு மேடு இருக்கிறது. ஆனால் சாய்வாக இல்லை, வெட்டியது, நேராக நிற்கிறது. பதினொரு அடி இருக்கும். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற இடம்தான். அதன் உச்சியில் தண்ணிமூட்டையை நட்டுத் தொங்கவிட்டால் மண்ணைத் தாங்குமா? அவர் ரொம்பக் கவலைப்படுகிறார். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

ஜூன் 25

கேள்விக்குறிக்கு,

உடம்பு நல்லா இருக்கிறது. விஷம் இல்லை, புளிக்கும். எங்கள் ஆட்களே வெயிலில் ஒன்று கிள்ளி மென்றுகொள்வார்கள். இனி அவள் வாயில் விரலை விடாதே, பாவம்.

தையல்காரம்மாவுக்குச் சொல்: கூடவே கூடாது. போன வருடம் ஒரு மேம்பாலத்துச் சரிவில் எங்கள் அதிகாரி பேச்சைக் கேட்டு நட்டோம். ஆறு மாதத்தில் கண்ணைப் பறிக்கிற பச்சை. எல்லாரும் வந்து போட்டோ எடுத்தார்கள். ஒரு மழை. செடி குடிக்கிற மட்டும் குடித்து, ஒவ்வொரு இலையும் விரல் கனத்துக்கு ஊதி, பாய் சரிகிற மாதிரி மேல்மண்ணோடு மொத்தமாக இறங்கி வந்துவிட்டது. புரட்டிப் பார்த்தால் வேர் நாலு விரல் ஆழம்கூட இல்லை. அது மண்ணை மூடும், அவ்வளவுதான். மழை அடித்துக் கரையாமல் காக்கும். நிற்கிற மண்ணைப் பிடித்து நிறுத்தாது. விளிம்பில் தொங்கினால் அதுவே இழுத்துப் போடும்.

மேட்டை நேராக வெட்டி, அதன் காலடியில் வீட்டையும் வைத்த மகராசன் யார், அந்த அம்மாவின் வீட்டுக்காரனா? மூளையை எங்கே அடகு வைத்தானாம்? கல் சுவர் கட்டச் சொல். அதுவரைக்கும் அந்தப் பக்கத்து அறையில் யாரும் படுக்கக் கூடாது.

அண்ணி

ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னியுங்கள். உருண்டைக்குச் சளி. இப்போது பரவாயில்லை. உங்கள் கால்? உங்கள் தம்பி நலம் என்று சொல்லி அனுப்பினார்.

நீங்கள் எழுதியதை நான்கு தடவை படித்தேன். தையல்காரம்மாவிடம் சொன்னேன். ஆனால் அவர் ஏற்கனவே நட்டுவிட்டாராம். நான் நட்டதைப் பார்த்து நட்டது. இப்போது மேடே தெரியாமல் இறங்கிவிட்டது, அடி வரைக்கும். பிடுங்கினால் மண் மொட்டையாக நிற்கும், மழை கரைத்துவிடும். விட்டால் கனம். அவர் என்ன செய்வார் அண்ணி? தினமும் காலையில் போய் இலையை அழுத்திப் பார்க்கிறாராம், நேற்றைவிடத் தடித்திருக்கிறதா என்று.

வீட்டுக்காரர் மழைக்கு முன்னால் சுவர் கட்டித்தருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாராம். வண்டி வேலையை விட்டு வர முடியவில்லை. கேட்டால், "நான் தோண்டாத மண்ணா? மண்ணைப் பத்தி எனக்கே சொல்லித் தரியா?" என்கிறாராம். கெட்டவர் இல்லை அண்ணி. பிள்ளைக்குத் தனியாக ஓர் அறை வேண்டும் என்று ஆசைப்பட்டு, லீவு போட்டு, தன் கையாலேயே வெட்டினாராம். வெட்டி முடித்த அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிவந்து, "இது உன் ரூம்" என்று காட்டினாராம்.

அந்த அறையில் படுக்க வேண்டாம் என்றீர்கள். தொட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டார். ஆனால் முன்னறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

உங்கள் தம்பி மனைவி

ஆகஸ்ட் 24

அம்மாடி,

நான் சுகம்தான். அதை விடு.

வெயில் இருக்கும்போதே மேலே ஏறி, உச்சியிலிருந்து கொத்துக் கொத்தாக அறுத்து எடுக்கச் சொல். இழுக்கக் கூடாது, அறுக்க வேண்டும். கீழே நின்றுகொண்டு ஒரு இலையைக்கூடத் தொடக் கூடாது. எடுத்த இடத்தில் தார்ப்பாய் போட்டு மூடட்டும். மழை தொடங்கிவிட்டால் அதையும் செய்ய வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடச் சொல். வீடு போனால் போகிறது.

முதல் கடிதத்தில் உன் வீட்டு மேட்டைப் பற்றி எழுதினாய். இப்போது தையல்காரம்மா வீட்டு மேட்டைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறாய். உன் மேடு எப்படி இருக்கிறது?

அண்ணி

செப்டம்பர் 9

அண்ணி,

தையல்காரம்மா வீட்டுக்குப் பின்னால் மேடே இல்லை.

மூன்று நாளாக மழை. நான் அவர் வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உருண்டை துணி வெட்டின துண்டுகளுக்கு நடுவில் தூங்குகிறாள். இங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு ஓட்டுக்கு மேலே பச்சையாகத் தெரிகிறது. ஒவ்வொரு இலையும் ஊதி, பளபளவென்று, வெடித்துவிடும் போல இருக்கிறது.

அறுத்து எடுக்கப் பார்த்தேன். எங்கள் தெருப் பெயிண்டரிடம் ஏணி வாங்கி, சுற்றுவழியாக மேலே ஏறினேன். இரண்டு கொத்து எடுத்ததும் காலடியில் விளிம்பு பிளந்தது. என் கை போகிற அகலம். குழந்தை கீழே தையல்காரம்மா இடுப்பில் இருந்து "ம்மா, ம்மா" என்று கூப்பிட்டாள். இறங்கிவிட்டேன்.

உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பங்கை விட்டுக் கொடுத்தவரிடம், கேட்ட ஒரே ஒரு வாக்கும் போய்விட்டது என்று எப்படி எழுதுவது? அவரைப் பற்றி நீங்கள் "நல்லவன்" என்று எழுதியிருந்த வரியை நான் அழிக்க விரும்பவில்லை. மூளையை அடகு வைத்தவன் என்று நீங்கள் திட்டியபோது எனக்குக் கோபம்கூட வந்தது, அவருக்காக.

தெருவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். "என்னம்மா, மலை இன்னும் வரலியா?" என்று பெயிண்டர் தினமும் கேட்கிறார். உங்கள் தம்பிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வண்டி ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறதாம். வந்தால் வீட்டுக்குள் வா என்று கூப்பிடுவார். அப்போது நான் என்ன செய்ய?

உங்கள் லாரி ஓட்டுநர் கையில் கொடுக்கிறேன்.

செப்டம்பர் 11

அம்மாடி,

அதே ஓட்டுநரைத் திருப்பி அனுப்புகிறேன். கடைக்குப் போன் செய்து பார்த்தேன், லைன் இல்லை. பஸ்ஸும் இல்லை, இருந்தால் நானே வந்திருப்பேன். லாரியில் ஏற இந்தக் கால் விடவில்லை.

குழந்தையின் அறை என்று நீ எழுதிய அன்றைக்கே எனக்குச் சந்தேகம். அந்த வீட்டில் இன்னோர் அறைக்கு இடம் எங்கிருந்து வரும், மேட்டிலிருந்துதான் வரும். கேட்டால், பங்கு கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறாள் என்று அவன் நினைப்பானே என்று வாயை மூடிக்கொண்டேன். தண்டு மட்டும் சாக்குச் சாக்காக அனுப்பினேன். ஐந்து சாக்கு. அந்தக் கனம் முழுக்க நான் அனுப்பியது.

அவன் கூப்பிட்டாலும் உள்ளே போகாதே. கெஞ்சினாலும் போகாதே. அவனையும் போகவிடாதே. என்ன செய்தாவது வெளியே கொண்டுவா.

அண்ணி

செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் பகலில் அவர் வந்தார், நனைந்து, சிரித்துக்கொண்டு. தையல்காரம்மா வீட்டு வாசலில் என்னைப் பார்த்து, "ஊர் சிரிக்குது, வா வீட்டுக்கு" என்றார். வரமாட்டேன் என்றேன். விளிம்பு பிளந்ததைச் சொன்னேன். "வெட்டினவன் நான். எனக்குத் தெரியாதா? அந்த ரூம்லயே பத்து நிமிஷம் படுத்துக் காட்டறேன், அப்புறமாவது வரியா?" என்று உள்ளே போய்விட்டார். நிஜமாகவே போய்ப் படுத்துவிட்டார் அண்ணி.

எங்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். "இன்னும் எட்டு நிமிஷம்" என்று உள்ளேயிருந்து குரல். அழுதேன். அதற்கும் சிரிப்பு. அப்போதுதான் உங்கள் ஓட்டுநர் வந்து கடிதத்தைக் கையில் கொடுத்தார். மழையில் நின்றே படித்தேன். என்ன செய்தாவது என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

தெரு நடுவில் போய் நின்றுகொண்டு கத்தினேன். "எல்லாரும் கேட்டுக்குங்க! கூடப் பொறந்தவ பங்கை வாங்கிக்கிட்டு, அவங்களுக்குக் குடுத்த வாக்கை மீறி மேட்டை வெட்டினவர் உள்ள படுத்திருக்கார்! ஏழு மாசமா என்னைப் பொய் எழுத வெச்சார்!" பெயிண்டர் வந்தார். கடைக்காரர் வீட்டம்மா குடையோடு வந்தார். நான் நிறுத்தவில்லை. இவரைப் பற்றி நான் வாழ்நாளில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். உருண்டை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

வெளியே வந்தார். செருப்புகூடப் போடவில்லை. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. நேராக என்னிடம் வந்து, "தெருவுல நின்னு என் மானத்தை" என்றார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. லாரியிலிருந்து சாக்கு இறக்குகிற மாதிரி ஒரு தொம். அப்புறம் ஓடுகள். பின்னறை இல்லை. முன்னறையின் பாதியும் இல்லை. செடி ஒரு இலை உடையாமல் முழுசாக இறங்கி, படுக்கை இருந்த இடத்தின் மேலே விரித்துப்போட்ட மாதிரி கிடந்தது. கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு நன்றாக மூடியிருந்தது.

ஓட்டுநர்தான் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். இரண்டு நாளாக இங்கேதான் இருக்கிறார். தையல்காரம்மா கொடுப்பதைச் சாப்பிடுகிறார், உருண்டை கூப்பிட்டால் தூக்கிக்கொள்கிறார். அவளைத் தூக்கிவைத்துக்கொண்டு என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறார். தெருவில் யாரும் இப்போது சிரிப்பதில்லை, அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். கேட்கக் கூடாது என்றும் தோன்றுகிறது. இது எப்படி முடியும் என்று தெரியவில்லை அண்ணி.

சற்று முன்னால் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்காவுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "என்ன எழுதியிருக்க?" என்றார். படித்துப் பார்க்கக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். பேனாவை இனி அவரிடம் கொடுத்துவிடுகிறேன். நான் எழுந்து போகிறேன், குழந்தைக்குப் பால் வேண்டும்.

அக்கா, வெட்டியது நான். உன்னிடம் சொல்லாதே என்று இவளிடம் சொன்னதும் நான்.